ஏறாத ரப்பர்

பழைய புல்லட்டில் இன்ஜின் வேலையைவிட எனக்குக் கிலி தருவது ரப்பர் வேலைதான். பிஸ்டன், வால்வு, கிளட்ச் பிளேட் எல்லாம் அளவெடுத்துச் செய்த உலோகச் சாமான்கள். பொருந்தும், அல்லது பொருந்தாது. பொருந்தாவிட்டால் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனால் தீர்ந்தது. ரப்பர் அப்படியில்லை. பொருந்துகிற மாதிரியே இருக்கும். முக்கால்வாசி ஏறும். மீதிக் கால்வாசியில் நின்றுகொண்டு நம்மைப் பார்க்கும். அப்புறம் சுத்தியல் வரும். சுத்தியல் வந்துவிட்டால் ஒன்று ரப்பர் கிழியும், இல்லையென்றால் கட்டைவிரல் நசுங்கும்.

என்னுடையது எழுபதுகளின் 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், பிழைப்பு ராஜபாளையத்தில். ஆண்டாள் கோயிலின் 192 அடிக் கோபுரம் பின்னால் சின்னதாகிக்கொண்டே வர, வலதுபக்கம் மலை கூடவே வர, பஞ்சு மார்க்கெட் வரைக்கும் தினசரி ஓட்டம். இந்தச் சாலைக்கு 744 என்று தேசிய நெடுஞ்சாலை எண். திருமங்கலத்தில் ஆரம்பித்து, நம் ஊர்களைத் தாண்டி, தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகக் கொல்லம் போகிறது. புனலூர்ப் பக்கம் முழுக்க ரப்பர்த் தோட்டம். ரப்பர் மரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு கிக்கர் ரப்பர் ஒழுங்காகக் கிடைக்கவில்லையே என்று செங்கோட்டைப் பக்கம் திரும்பி நின்று எத்தனையோ தடவை நொந்திருக்கிறேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் கைகோத்து ஆரம்பித்த என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை திருவொற்றியூரில் வந்தது. அதே திருவொற்றியூரில்தான் 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். அந்தப் பலூன் கொட்டகைதான் பிறகு எம்.ஆர்.எஃப். ஆனது. புல்லட்டும் ரப்பரும் ஒரே ஊரில் வளர்ந்தவை. ஆனால் இன்றைக்கு என் வண்டிக்கான ரப்பரெல்லாம் டெல்லி கரோல் பாக்கிலிருந்தோ சென்னைப் புதுப்பேட்டையிலிருந்தோ பிளாஸ்டிக் கவரில் வருகிறது. கவரில் அச்சடித்த படம் அழகாக இருக்கும். உள்ளே இருப்பதைத் தரையில் போட்டால் மரக்கட்டை விழுந்த சத்தம் கேட்கும்.

புது ரப்பர் ஏன் இவ்வளவு விறைப்பு? ரப்பரோடு கந்தகம் சேர்த்து வேகவைத்தால் அது உறுதியாகும் என்று சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்தார். கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளுக்கு நடுவே பாலம் போடுகிறது. பாலம் குறைந்தால் பிசுபிசுக்கும், கூடினால் கல்லாகும். அதனால் வேகவைக்கும் நேரமும் சூடும் அளவோடு இருக்கவேண்டும். அதோடு கரித்தூள், களிமண், சுண்ணாம்புத்தூள், இளக்கும் எண்ணெய் என்று பலதும் கலப்பார்கள். விலை குறைக்க நினைப்பவர் என்ன செய்வார்? பழைய டயரை அரைத்து மீட்ட ரப்பரைக் கூட்டுவார், தூளைக் கூட்டுவார், நல்ல ரப்பரைக் குறைப்பார். வெளியே பார்க்கக் கறுப்பாக, பளபளப்பாகத்தான் இருக்கும். வளைத்தால் தெரிந்துவிடும்.

இது ஒரு வகை விறைப்பு. இன்னொரு வகை, நல்ல ரப்பராகவே பிறந்து கடையில் கிடந்து முற்றிப்போனது. 'அந்தக் காலத்து ஒரிஜினல் ஸ்டாக்' என்று யாராவது சொன்னால் நம் ஆட்கள் காசை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கையே கிடையாது. ரப்பரைச் சேமித்து வைப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 2230 என்று ஒரு உலகத் தர விதி உண்டு. இயற்கை ரப்பர்ச் சாமானுக்கு 5 வருஷம், நைட்ரைலுக்கு 7 வருஷம் என்று கணக்கு வைக்கிறது. அதுவும் 25 டிகிரிக்கு மேல் போகாத, வெளிச்சம் படாத இடத்தில் வைத்திருந்தால். நம் மாவட்டத்து வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ஆணியில் மாட்டி நாற்பது வருஷம் தொங்கிய ரப்பரை ஒரிஜினல் என்று கும்பிட்டு என்ன பிரயோஜனம்? பித்தளை, இரும்புச் சாமானில் பழைய ஸ்டாக் தங்கம். ரப்பரில் அது குப்பை.

மூன்றாவது வகை விறைப்பு நியாயமானது. அந்த இடத்தில் அது இறுக்கமாகத்தான் இருக்கவேண்டும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் கையில் சுத்தியல் எடுக்கக்கூடாது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் மெக்கானிக் இல்லை. மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஃபிட்டர்.

தென்காசி சாலையில் ஒரு ஒர்க்‌ஷாப். என் வண்டியின் ஃபுட்ரெஸ்ட் ரப்பரைப் பையன் ஒருத்தன் மொத்து மொத்து என்று மொத்திக்கொண்டிருந்தான். தன்னுடைய டி.வி.எஸ். ஃபிஃப்டிக்குப் பிளக் மாற்ற வந்து உட்கார்ந்திருந்த பெரியவர் பொறுக்கமாட்டாமல் எழுந்துவந்தார்.

"ஏன்டா தம்பி, அது என்ன ஆணியா? ஆயுசு பூரா இதே வேலைதான் பார்த்தேன். ஒரு நாளும் சுத்தியல் தொட்டது கிடையாது."

"எங்கண்ணாச்சி, நீங்க மில்லுலதானே இருந்தீங்க?" என்று ஒர்க்‌ஷாப்காரர் கேட்டார்.

"மில்லுலதான். ரோலர் செக்‌ஷன்."

ராஜபாளையம் நூற்பாலை ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊருக்குச் சங்கு சத்தம்தான் கடிகாரம். ஆனால் நூற்பாலைக்கும் ரப்பருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்ததே இல்லை. ரிங் ஃபிரேம் எந்திரத்தில் பஞ்சிழையை இழுத்து மெலிதாக்கும் இடத்தில் கீழே வரி போட்ட இரும்பு உருளை, மேலே ரப்பர் உறை போட்ட உருளை. இரண்டுக்கும் நடுவில்தான் பஞ்சு கவ்வி இழுபடும். அந்த ரப்பர் உறைக்குக் 'காட்' என்று மில்லில் பெயர். ஒரு காலத்தில் ஆட்டுத்தோலில் உறை போட்டார்கள், பிறகு செயற்கை ரப்பர் வந்தது. பெரும்பாலும் நைட்ரைல். ஒரு ஃபிரேமிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கும். தேயும், வரி விழும். அவ்வப்போது பஃபிங் மெஷினில் சாணை பிடித்துத் திரும்பப் போடவேண்டும். ரொம்பத் தேய்ந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் காட் ஏற்றவேண்டும்.

அந்தக் காட்டின் உள்துளை, உருளையின் பருமனைவிடச் சிறியது. வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். இழுத்துப் பிடித்து உட்கார்ந்தால்தான் சுற்றும்போது நழுவாது. ஆக, இறுகலான ரப்பர்க் குழாயை உலோகத் தண்டின் மேல் கிழியாமல், முறுக்காமல், நேராக ஏற்றுவதை ஷிஃப்டு ஷிஃப்டாகச் செய்த ஆட்கள் இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நாமோ மோட்டார் சைக்கிள் ரப்பரை வைத்துக்கொண்டு யூடியூபில் அமெரிக்காக்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பெரியவர் சொன்னதில் முதல் விஷயம், கடினத்துக்கு ஒரு எண் உண்டு. ஷோர் ஏ. 1920-களில் ஆல்பர்ட் ஷோர் என்பவர் கொண்டுவந்த அளவு. பாக்கெட் கடிகாரம் போல ஒரு மீட்டர், அடியில் ஒரு சின்ன ஊசி. ரப்பரின் மேல் வைத்து அமுக்கினால் முள் எண்ணைக் காட்டும். மில்லில் நைசு நூலுக்கு 65 பக்கம், மோட்டா நூலுக்கு 80 பக்கம் என்று காட்டைத் தேர்ந்தெடுப்பார்களாம். எண் தெரியாமல் ஒரு காட்டும் எந்திரத்தில் ஏறாது. நம் ஸ்பேர்ஸ் கடையில் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்த மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மாடல் சொல்லி வாங்குகிற ஃபுட்ரெஸ்ட் ரப்பர் ஜோடியிலேயே வலதும் இடதும் வேறு வேறு எண் காட்டும்.

இரண்டாவது, அடிக்காதே, அழுத்து. மில்லில் காட் ஏற்றக் காற்றழுத்த மெஷின் உண்டு. ஒரே நேர்கோட்டில், ஒரே தள்ளலில் ஏற்றும். அடித்தால் ரப்பர் சுருங்கித் தண்டைக் கவ்வும். ஒவ்வொரு அடிக்கும் இன்னும் இறுகும். சீராகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டே போகும். கையில் மெஷின் இல்லையா? பெஞ்ச் வைஸ் போதும். ஒரு பக்கம் மரத்துண்டு, மறுபக்கம் தண்டின் அடி, மெதுவாகத் திருகு.

மூன்றாவது எனக்கு ஆச்சரியம். ஏற்றிய காட்டை உடனே சாணை பிடிக்கமாட்டார்கள், ஒரு நாள் ஓய்வு கொடுப்பார்கள். இழுபட்ட ரப்பர் உள்ளுக்குள் சமாதானமாகி உட்கார நேரம் வேண்டும். புல்லட்டிலும் இதே கதைதான். பின் சக்கர ரப்பர் மாற்றினால் சில நாள் ஓடிய பிறகு செயினைத் திரும்பப் பார்க்கவேண்டும். ரப்பர் உட்கார்ந்ததும் தொய்வு மாறியிருக்கும்.

பின் சக்கரம் என்றதும் முக்கியமான சண்டைக்கு வருவோம். டிரம் ரப்பர். என்ஃபீல்டு கம்பெனி இந்த ஏற்பாட்டை முதல் உலகப் போருக்கு முன்பே கொண்டுவந்துவிட்டது. சக்கரத்தின் ஹப்புக்கும் செயின் இழுக்கிற பல்சக்கர டிரம்முக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நடுவில் ஆறு ரப்பர்க் கட்டைகள். ஒருபக்கத்து இறக்கைகள் இந்தக் கட்டைகளை நெட்டித்தான் மறுபக்கத்தைச் சுழற்றும். இன்ஜினின் ஒவ்வொரு குத்தும் முதலில் ரப்பரில் விழுந்து மழுங்கிய பிறகுதான் டயருக்குப் போகிறது. ஆக்சிலேட்டரைத் திறக்கும்போது 'டக்'கென்று ஒரு வெட்டு, மூடும்போது இன்னொரு வெட்டு இருந்தால் இந்தக் கட்டைகள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம்.

புதுக் கட்டைகள் ஆறையும் குழிகளில் அடுக்கிவிட்டு மறுபாதியை மேலே வைத்தால் இறக்கைகள் இறங்கவே இறங்காது. ஏறி நின்று மிதிப்பார்கள், இரண்டு பேராக மிதிப்பார்கள். இங்கே ஒரு விஷயம் புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ரப்பரைக் கசக்கலாம், நீட்டலாம், ஆனால் அமுக்கிச் சிறிதாக்க முடியாது. ஒருபக்கம் அழுத்தினால் வேறு பக்கம் பிதுங்கும், அவ்வளவுதான். பிதுங்க இடம் வேண்டும். ஒரிஜினல் கட்டையில் ஓரங்களைச் சரித்தும் குழித்தும் அந்த இடத்தை விட்டிருப்பார்கள். நகல் எடுத்தவர் அதை அச்சுப் பிசிறு என்று நினைத்து நிரப்பிச் சதுரமாக்கியிருப்பார். அப்படிப்பட்ட கட்டையை வைத்து ஊரே சேர்ந்து மிதித்தாலும் இறங்காது. அதனால் முதலில் பழைய கட்டையையும் புதிதையும் பக்கத்தில் வைத்து ஓரத்தைப் பாருங்கள். தேவையானால் ஓரத்தைச் செதுக்குங்கள். பிளேடைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அறுத்தால் வெண்ணெய் மாதிரி போகும். நான் மில் பஃபிங் கல் ஒன்றின் பழைய துண்டில் தேய்த்துக்கொள்கிறேன்.

பிறகு சுடுதண்ணீர். கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, கொதிக்கவேண்டாம். அதில் கட்டைகளைப் போட்டு வைத்தால் தூள் அதிகம் கலந்த ரப்பர்கூட இளகிக்கொடுக்கும். எடுத்துக் குழியில் அடுக்கி, இறக்கைகளின் முனையில் சோப்புத் தண்ணீர் தடவி, இடைவெளியில் முனைகள் நுழையும்படி வைக்கவேண்டும். அதற்கப்புறம் மிதி கிடையாது. நடுத் துளை வழியாக ஒரு நீளமான போல்ட், இரண்டு பக்கமும் தடித்த வாஷர், ஒரு நட்டு. அரைச் சுற்று திருகு, நிறுத்து, டீ குடி. திரும்ப அரைச் சுற்று. ரப்பருக்குப் பிதுங்கி வழிவிட நேரம் கொடுத்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடும். இறங்கிய பிறகும் டிரம் ஹப்பில் துளிகூட ஆடக்கூடாது. அந்த இறுக்கம் நியாயமான இறுக்கம்.

கிரீஸ் தடவலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. என்ஜின் ஆயிலும் கூடாது. இந்தக் கட்டைகளில் பெரும்பாலும் இயற்கை ரப்பர். இயற்கை ரப்பரும் பெட்ரோலிய எண்ணெயும் ஒரே ஜாதிச் சரக்கு, இரண்டுமே ஹைட்ரோகார்பன். இனம் இனத்தோடு சேரும் என்கிற கதையாக எண்ணெய் உள்ளே போய் ரப்பரை ஊதவைத்துச் சதசதவென்று ஆக்கிவிடும். இன்றைக்குச் சுலபமாக ஏறும், ஆறு மாதத்தில் கறுப்புக் களியாக வரும். நைட்ரைல் வேறு குணம். அதற்கு எண்ணெய் ஒட்டாது. அதனால்தான் ஆயில் சீலெல்லாம் அதில் செய்கிறார்கள்.

அப்படியானால் எண்ணெயே கூடாதா? ஒன்று மட்டும் கூடும். விளக்கெண்ணெய். ஆமணக்கு எண்ணெயின் மூலக்கூறு மற்ற எண்ணெய்களிலிருந்து வித்தியாசமானது. இயற்கை ரப்பருக்குள் அவ்வளவாகப் புகாது. ஆரம்பகால பிரேக் ஆயிலே விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான், காரணம் அதில் இருந்த ரப்பர் வாஷர்கள் கெடக்கூடாது என்பது. வெளிநாட்டில் ரப்பருக்கென்றே விற்கும் சிவப்புக் கிரீஸும் இதை வைத்துச் செய்வதுதான். அதை ஆயிரம் ரூபாய் கொடுத்து வரவழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்வது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது. நாட்டுமருந்துக் கடையில் ஒரு சின்ன பாட்டில் வாங்குங்கள். தேங்காய் எண்ணெய் கையில் இருக்கிறதே என்று அதைத் தடவிவிடாதீர்கள், அது ரப்பரை ஊதவைக்கும்.

எங்கே வழுக்கவேண்டும், எங்கே வழுக்கக்கூடாது என்பதும் உண்டு. கிக்கர் ரப்பர், ஹேண்டில் கிரிப் இவற்றுக்கு விளக்கெண்ணெய்கூட வேண்டாம். ஏறின சுலபத்திலேயே கழன்று வரும். ஓட்டும்போது கிரிப் சுழன்றால் ஆபத்து. இங்கே பஞ்சர் கடைச் சொல்யூஷன்தான் தெய்வம். ஈரமாக இருக்கும்போது வழுக்கும், காய்ந்தால் ஒட்டும். தடவினவுடன் ஒரே மூச்சில் தள்ளிவிடவேண்டும். நுனி மூடின கிரிப்பாக இருந்தால் உள்ளே அடைபட்ட காற்றே எதிர்த்துத் தள்ளும். ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியை, முனையை மழுக்கி, கூடவே விட்டு ஏற்றினால் காற்று அந்த வழியாக வெளியேறும். பிறகு கம்பியை உருவிக்கொள்ளலாம். இன்னொன்று, கிரிப் ஜோடியில் ஆக்சிலேட்டர் பக்கத்துக்கான துளை பெரியது, ஏனென்றால் உள்ளே ஸ்லீவ் இருக்கிறது. ஏறாத கிரிப் பல நேரம் வேறெதுவும் இல்லை, இடக்கையுடையதை வலக்கையில் போட்டுத் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஏறினால் சந்தோஷம், ஏறாவிட்டால் எரிச்சல் என்கிற அளவில்தான். விறைப்பான ரப்பரை ஏற்றவே கூடாத இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, இடதுபக்க பிரைமரி செயின் மூடியைச் சுற்றி வரும் ரப்பர் வளையம். மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடிக்கிறது. வளையம் விறைப்பாக இருந்தால் பள்ளத்தில் படியாமல் எம்பி நிற்கும், ஆயில் சொட்டும். சொட்டுகிறதே என்று நட்டை இறுக்குவார்கள். இறுக்க இறுக்க அலுமினிய மூடி வளையும், இன்னும் சொட்டும். இங்கே சுடுதண்ணீர் வித்தையெல்லாம் வேண்டாம், மெத்தென்ற நைட்ரைல் வளையம் கிடைக்கும் வரை காத்திருங்கள்.

மற்றது வலதுபக்க டைமிங் மூடிக்குள் இருக்கும் துண்டு சீல். முன்னே கார்க்கில் வந்தது, பிறகு ரப்பரில். பம்ப் அனுப்பும் ஆயில் இந்தச் சீலைத் தாண்டித்தான் கிராங்க் தண்டுக்குள் நுழைந்து பிக் எண்டுக்குப் போகிறது. சீல் கல்லாக இருந்து சரியாகப் படியாவிட்டால் ஆயில் ஓரமாக வழிந்து கீழே போய்விடும். வெளியே ஒரு சொட்டும் கசியாது. வண்டி நன்றாகத்தான் ஓடும், ஒரு நாள் கனெக்டிங் ராட் தட்டுகிற சத்தம் கேட்கும் வரைக்கும். இருபது ரூபாய்ச் சாமானில் பேரம் பேசவேண்டாம்.

வாங்கும்போதே தள்ளுவதற்குச் சில அடையாளங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் மெதுவாகவாவது மறையவேண்டும். மடக்கினால் மடிப்பில் வெடிப்புத் தெரியக்கூடாது. வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரி எழுதக்கூடாது. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் மட்டும் பயப்படவேண்டாம். காற்றில் உள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கவைக்காமல் இருக்க நல்ல கம்பெனிகள் கலக்கும் மெழுகு அப்படி மேலே பூக்கும். துடைத்தால் போய்விடும். அதைப் பார்த்துப் பழைய சரக்கு என்று நல்லதை ஒதுக்கிவிட்டு, பளபளக்கிற மட்டத்தை வாங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விறைத்த ரப்பரை வின்டர்கிரீன் எண்ணெயில் ஊறவைத்து இளக்கும் முறையும் உண்டு. தலைவலித் தைலத்தில் மணக்கிற அதே சரக்கு. கார்புரேட்டர் வாய் ரப்பருக்குச் சில மாதம் உயிர் கொடுக்கும், பிறகு ஆவியாகிப் பழையபடி விறைக்கும். அவசரத்துக்குச் சரி.

பெட்ரோலில் 2025 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால், பழைய பெட்ரோல் குழாய், டேப் வாஷர் இவற்றை ஒரு தடவை மொத்தமாக மாற்றிவிடுவது உத்தமம். அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

எனக்கு இன்னும் தீராத குறை டேங்கின் இரண்டு பக்கமும் வரும் முட்டி ரப்பர். சந்தையில் கிடைப்பது எதுவும் டேங்கின் வளைவில் படியவில்லை, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மதுரையில் அச்சு செய்து ரப்பர் வார்த்துக் கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. எத்தனை கடினம் வேண்டும் என்று எண் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். அவர்கள் கேட்பது ஒன்றுதான், அச்சு எடுக்க ஒரு ஒரிஜினல் மாதிரி. எழுபதுகளின் 350-இன் முட்டி ரப்பர் உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய சாமான் பெட்டியிலோ கிடந்தால், விறைத்து வெடித்ததாக இருந்தாலும் சரி, எறிந்துவிடாமல் எனக்கு எழுதுங்கள். அச்சு எடுத்ததும் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன், புது ஜோடி ஒன்றும் சேர்த்து.